நிலமும் மண்ணும்: ஆசிரியராக விழைவோரின் கல்விக் கொள்கையும் நன்னூல் பொதுப்பாயிரமும்

முன்னுரை

ஆசிரியப் பணியை விரும்பிக் கல்வியியல் கல்லூரிகளில் சேர்வோர், தமக்கென ஒரு கல்விக் கொள்கையை எழுத்தில் வடிக்குமாறு கேட்கப்படுவது இன்று பரவலான வழக்கமாகியுள்ளது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளால் கல்வியியல் இளநிலைப் பட்டப்படிப்பு ஈராண்டுப் படிப்பாயிற்று. அதன் பாடத்திட்டச் சட்டகத்தில் ‘தன்னை அறிதல்’ குறித்த தனித்தாளும் இடம்பெற்றது. பிறருக்குக் கற்பிக்கப் புகுவோர் முதலில் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும் என்பது இதன் அடிப்படை.

நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் இவ்வாறு எழுதப்படும் கொள்கை உரைகள் பெரும்பாலும் ஒரே சாயல் உடையனவாக அமைந்துவிடுகின்றன. மாணவரை மையமாகக் கொள்ளல், அனைவரையும் சமமாக நடத்தல், அன்பால் ஆளல் என்னும் தொடர்கள் எல்லா உரைகளிலும் வருகின்றன. அவற்றை மறுப்பார் எவரும் இலர். யாராலும் மறுக்கப்படாத ஒன்று ஒருவரின் தனிக்கொள்கை ஆகுமா என்பதே வினா. எந்த ஊரிலும், எந்த வகுப்பிலும், எவர் வாயிலிருந்தும் வரத்தக்க சொற்கள், குறிப்பிட்ட ஓர் ஆசிரியரை அவருடைய வகுப்பறையில் எதற்குக் கட்டுப்படுத்தும்?

இவ்வினாவைத் தமிழ் மரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் வகுத்துரைக்கும் நன்னூல் பொதுப்பாயிரம் இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பெங்களூரின் மர்பி டவுன் பகுதி, அக்கருத்துகளை உரசிப் பார்க்கும் களமாக அமைகிறது.

களம்: மர்பி டவுன்

நன்னூலுக்கும் கன்னட நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நூலைச் செய்தார் என்பது அறிஞர் துணிபு. அவரை வேண்டிக்கொண்டவன் சீயகங்கன் எனச் சிறப்புப்பாயிரம் கூறும். அவன் கங்கர் மரபினன். அம்மரபினர் பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலாரையும் பின்னர்க் காவிரிக்கரைத் தலக்காட்டையும் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்கள். எனவே தமிழ் இலக்கண மாணாக்கர் இன்றளவும் பயிலும் ஒரு நூலின் பின்னணியில் கன்னட நிலத்தோடு உறவுடைய ஓர் அரசமரபு நிற்கிறது.

மர்பி டவுன், பெங்களூர்க் கண்டோன்மென்ட் பகுதியில் அல்சூரை (ஹலசூரு) ஒட்டியுள்ளது. முன்னர் நாக்ஸ்பேட் என வழங்கிய இவ்விடம், இதனை வடிவமைத்த பொறியாளர் மர்பியின் பெயரைப் பின்னர்ப் பெற்றது. ஆங்கிலேயர் 1809இல் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபின், படையோடும் படைசார்ந்த தொழில்களோடும் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் நகரில் புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. கண்டோன்மென்ட் நகராட்சியும் பழைய பெங்களூர் நகராட்சியும் 1949இல் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. அல்சூர் ஏரிக்கரையை அடுத்து இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் இப்பகுதியின் தமிழ் வாழ்வுக்கு அடையாளங்கள்.

இத்தகைய பகுதியில் ஒரு குழந்தையின் நாள் பல மொழிகளால் ஆனது. வீட்டில் தமிழ், தெருவில் தமிழோடு கன்னடமும் உருதுவும், பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம். தொடக்கக்கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என அரசமைப்பின் 350அ உறுப்பு 1956 முதல் கூறிவருகிறது. எனினும் தொடக்கப்பள்ளியில் தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயப்படுத்த இயலாது எனக் கர்நாடக வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. கன்னடம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் சட்டத்தை மாநில அரசு 2015இல் இயற்றியது. இவற்றின் சரிபிழைகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. இவை அனைத்தும் முடிந்தபின் வகுப்பறைக் கதவு சாத்தப்படுகிறது. உள்ளே ஆறு வயதுக் குழந்தையும் ஆசிரியரும் இருக்கிறார்கள். அங்கே என்ன நிகழவேண்டும் என்பதே ஆசிரியரின் கொள்கை.

ஆசிரியர் முதல், மாணாக்கர் பின்

நன்னூல் பொதுப்பாயிரம் ஐந்து பொருள்களை முறையே விளக்குகிறது. நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை என்பன அவை. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. மாணாக்கரைத் தரம் பிரிக்கும் முன்னரே ஆசிரியர் தரம் பிரிக்கப்படுகிறார். அளப்பவர் முதலில் அளக்கப்படுகிறார்.

நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியன உவமைகளாகின்றன. ஆசிரியர் ஆகாதாருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன கூறப்படுகின்றன. இவ்விரண்டாம் வரிசையே ஆசிரியராக விழைவோர் கூர்ந்து நோக்க வேண்டியது. கழற்சிக்காய் இட்ட குடம் தான் பெற்ற முறையில் அன்றித் தாறுமாறாக வெளிப்படுத்தும். கருக்குமட்டை சூழ்ந்த பனை, தானே உதிர்க்கும்போதன்றித் தன்னை அணுகுவோர்க்குக் கனி தராது. பஞ்சு அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே ஏற்றுச் சிறிது சிறிதாகவே ஈயும். வளைந்த தென்னை, தண்ணீர் வார்த்தவன் இருக்க அயலான் மனையில் காய்களை உதிர்க்கும்.

இந்நான்கும் அறியாமையைப் பற்றியன அல்ல என்பது நினையத்தக்கது. குடத்தில் காய் உண்டு; பனையில் பழம் உண்டு; குண்டிகையில் பஞ்சு உண்டு; தென்னையும் காய்க்கிறது. குறை, உடைமையில் இல்லை; கொடுத்தலில் உள்ளது. கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்க மாட்டாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத மலருக்குத் திருவள்ளுவர் ஒப்பிடுவதும் (650) இக்கருத்தை அரண் செய்கிறது. முடத்தெங்கின் உவமையோ இன்றைக்கும் கூர்மை குன்றாதது. ஊதியம் ஒரு பள்ளியில், உழைப்பு மாலைநேரத் தனிப்பயிற்சியில் என வாழும் ஆசிரியரை எட்டு நூற்றாண்டுக்கு முன்னரே அது கண்டுவைத்தது போல் உள்ளது.

ஆசிரியர் ஆகாதாரின் குணங்களுள் ஒன்றாக, கேட்போர் அஞ்சும்படிப் பேசுதலையும் நன்னூல் சேர்க்கிறது. உடல் தண்டனையையும் மனவுளைச்சல் தருதலையும் தடைசெய்யும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவை நோக்க, அச்சத்தைக் கற்பித்தலின் கருவியாகக் கொள்ளாமை தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பது பெறப்படும்.

நிலமும் மண்ணும்

மாணாக்கரை நன்னூல் மூவகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் முதல்வகை. மண்ணும் கிளியும் இடைவகை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்பன கடைவகை. தேர்வு மதிப்பெண்ணால் முன்வரிசை, பின்வரிசை எனப் பிரிக்கும் பழக்கத்துக்கு இது சான்று தருவதாகவே பலரும் மேற்போக்காகக் கொள்வர். ஆனால் இரு வரிசைகளையும் இணைத்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படுகிறது.

நல்லாசிரியருக்குக் கூறிய முதல் உவமை நிலம். இடைநிலை மாணாக்கருக்குக் கூறியது மண். இரண்டும் ஒரு பொருளே. நிலத்தின் பண்புகளுள் ஒன்று, பருவத்துக்கும் உழுவோன் முயற்சிக்கும் ஏற்பப் பயன் தருதல். மண்ணாகிய மாணாக்கருக்கும் உரையாசிரியர்கள் அதே பண்பையே விளக்கமாகத் தருகின்றனர். உழவன் உழைத்த அளவுக்கே மண் விளையும். அதுபோல ஆசிரியர் உழைத்த அளவுக்கே அம்மாணாக்கர் அறிவு பெறுவர்.

ஆசிரியர் நிலமாகும்போது உழுபவர் மாணவர். மாணவர் மண்ணாகும்போது உழுபவர் ஆசிரியர். கற்பித்தல் என்பது ஒருவர் உழ மற்றவர் விளையும் ஒருவழித் தொழில் அன்று; இருவரும் ஒருவரையொருவர் உழுகின்றனர் என்பது இவ்விரு உவமைகளின் கூட்டால் பெறப்படும் கருத்து. மாணவர் வினவாத வகுப்பில் ஆசிரியரும் தரிசாகிறார். இக்கருத்தைத் தம் கொள்கையாக ஏற்கும் ஒருவர், ஆண்டிறுதியில் மாணவரின் விளைச்சலை மட்டும் அளந்து நிறைவடைய இயலாது. தாம் எத்தனை முறை உழுதோம் என்றும், தம்மை உழ எத்தனை குழந்தைகளுக்கு இடம் கொடுத்தோம் என்றும் கேட்டுக்கொள்ள நேரும்.

விலக்கப்பட்டோர் பட்டியல்

நன்னூலைப் போற்றுவதோடு நின்றுவிடின் ஆய்வு முழுமை பெறாது. நல்லாசிரியர்க்குரிய தகுதிகளைத் தொகுக்கும்போது நன்னூல் குலத்தையே முதலில் வைக்கிறது. கற்பிக்கத் தக்கோர் வரிசையில் தன் மகன், ஆசான் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன், வழிபடுவோன், சொன்னதைக் கொள்ளும் ஆற்றலன் ஆகியோர் இடம்பெறுகின்றனர். கற்பிக்கத் தகாதோர் வரிசையிலோ கள்வன், சினத்தன் முதலியோருடன் நோயாளனும் உறங்குபவனும் மந்தபுத்தி உடையவனும் வைக்கப்படுகின்றனர்.

இவற்றுக்கு அமைதி கூறுவோர், நன்னூல் காட்டும் வகுப்பறை தொடக்கப்பள்ளி அன்று, முற்றிய இலக்கணப் பயிற்சிக்குரியது என்பர். அது ஓரளவு பொருந்தும். ஆயினும் கல்வியைப் பெறத் தகுதி உடையோர், இல்லோர் எனப் பிறப்பாலும் பொருளாலும் பிரித்த வழக்கம் இலக்கண வகுப்போடு நின்றுவிடவில்லை. புறநானூற்று 183ஆம் பாட்டில், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கீழ்ப்பால் ஒருவன் கற்றால் மேற்பால் ஒருவனும் அவனிடம் பணிந்து கற்பான் என்னும் கருத்தை முன்வைத்தான். அக்குரல் பல நூற்றாண்டுகள் நடைமுறை ஆகவில்லை. ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென ஆல்காட் 1894இல் சென்னை அடையாற்றில் தனிப்பள்ளி தொடங்க நேர்ந்தது அதனாலேயே. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) இக்கல்வி முயற்சிகளுக்குத் துணைநின்றார்; 1907 முதல் தாம் நடத்திய இதழின் வாயிலாகக் கல்வி மறுக்கப்பட்ட வரலாற்றை இடைவிடாது எழுதினார். அவருடைய பௌத்த இயக்கம் கோலார்த் தங்கவயல் தமிழ்த் தொழிலாளரிடையேயும் வேரூன்றியது. மர்பி டவுன் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளின் கல்வி வரலாறு இப்பின்னணியோடு பிரிக்கவியலாதது. நன்னூல் வரிசைப்படி நோக்கினால், இங்குள்ள குழந்தைகளின் பாட்டன்மாருள் பெரும்பாலோர் கற்பிக்கத் தக்கோர் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்.

2002ஆம் ஆண்டின் 86ஆம் அரசமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனால் ஆசிரியரின் அறநிலையே மாறிற்று. முன்னர் ஆசிரியர் மாணாக்கரைத் தேர்ந்தார். இன்று மாணாக்கர் தேர்ந்தெடுக்கப்படாமலேயே வந்து அமர்கிறார். ‘யாருக்குக் கற்பிப்பேன்?’ என்னும் வினா ஆசிரியரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது, ‘வந்தவருக்கு நான் யார்?’ என்னும் வினா மட்டுமே.

சட்டம் கதவைத் திறக்கலாம். மனத்திலுள்ள பட்டியலை அழிக்க அதனால் இயலாது. நோயாளன், உறங்குபவன், மந்தன் என்னும் பெயர்கள் நூலிலிருந்து மறைந்தாலும் ஆசிரியர் அறையின் பேச்சில் வேறு சொற்களில் வாழ்கின்றன. அவற்றைத் தகாதோர் பட்டியலாக அன்றி, முதலில் கவனிக்க வேண்டியோர் பட்டியலாகப் படிப்பதே இன்றைய ஆசிரியர் செய்யத்தக்கது. உறங்கும் குழந்தை இரவில் எத்தனை மணிக்குப் படுத்தது, அந்த ஓரறை வீட்டில் விளக்கு எப்போது அணைந்தது என்று கேட்கத் தொடங்கும் இடத்தில் ஒரு கல்விக் கொள்கை பிறக்கிறது.

ஓட்டை யாருடையது?

கடைமாணாக்கருக்கு நன்னூல் கூறிய ஓட்டைக்குடத்தை ஒரு மொழிச்சான்றால் ஆராயலாம். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு குழந்தை கன்னட வகுப்பில் அமர்கிறது எனக் கொள்வோம். ‘ஹாலு’ என வரவேண்டிய இடத்தில் ‘பாலு’ என்கிறது; ‘ஹத்து’ என்னும் எண்ணைப் ‘பத்து’ என்கிறது; ‘ஹுலி’யைப் ‘புலி’ என்கிறது. மூன்று நாள் திருத்தியும் நான்காம் நாள் அதே பிழை. ஊற்றியது நிற்கவில்லை, எனவே ஓட்டைக்குடம் என முடிவு கட்டுவது எளிது.

உண்மையில் அங்கே ஒழுகல் இல்லை; ஒழுங்கு இருக்கிறது. தமிழில் பகரத்தை முதலாக உடைய பல சொற்கள் இன்றைய கன்னடத்தில் ஹகரத்தை முதலாகக் கொள்கின்றன. பல் ‘ஹல்லு’ ஆகிறது. பூ ‘ஹூவு’ ஆகிறது. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகர முதலாகவே வழங்கின. பவணந்தியின் நூற்றாண்டிலேயே, அவரைப் போலவே சமணரான கேசிராசர், பழங்கன்னட மொழிக்குச் ‘சப்தமணிதர்ப்பணம்’ என்னும் இலக்கணம் செய்தார். அம்மொழியில் ‘பால்’ பாலாகவும் ‘புலி’ புலியாகவுமே இருந்தன. வகுப்பில் பிழை எனத் திருத்தப்படும் குழந்தையின் சொல், அம்மொழியின் பழைய வடிவத்துக்கு அண்மையில் நிற்கிறது.

இவ்வொலித்தொடர்பை அறிந்த ஆசிரியர் மூன்று சொற்களைத் தனித்தனியே திருத்தமாட்டார். உன் வீட்டுப் ‘ப’ இங்கே ‘ஹ’ ஆகும் என ஒரு திறவுகோலைக் கொடுப்பார். பகர முதற்சொற்கள் எல்லாம் அவ்வாறு மாறுவன அல்ல என்பதையும் குழந்தையே தேடிக் கண்டறியச் செய்வார். கற்பவர் ஏற்கும் வகையை அறிந்து அவர் மனங்கொள்ளுமாறு நூலைக் கொடுக்க வேண்டும் எனப் பாடம் சொல்லும் முறையில் நன்னூல் விதிப்பது இதனையே. ஓட்டை குடத்தில் இருக்கிறதா, ஊற்றுபவரின் அறியாமையில் இருக்கிறதா என ஆராய்ந்த பின்னரே ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டலாம். அவ்வாறு ஆராய்ந்தபின் பெயர் சூட்டும் தேவை பெரும்பாலும் எழாது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். குழந்தையின் தோல்வி அனைத்தையும் ஆசிரியர் தலையில் சுமத்துவது அறமாகுமா? தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த அளவு. அது மீறப்படும் இடத்தில், பல வீட்டுமொழிகள் கலந்த வகுப்பில், தனி ஒருவரின் நல்லெண்ணம் எவ்வளவு தாங்கும்? இத்தடை வலுவுடையது. ஆசிரியரின் தனிக்கொள்கையைப் பெரிதுபடுத்தி அரசின் கடமையை மறைக்கும் போக்கும் உண்டு. எனினும் பொறுப்பை ஏற்றல் வேறு. பழியை ஏற்றல் வேறு. வகுப்பின் நெருக்கடிக்கு ஆசிரியர் காரணர் அல்லர். அந்நெருக்கடியின் விளைவைக் குழந்தையின் இயல்பு எனப் பெயரிட்டு எழுதுவதா, வேண்டாவா என்பது மட்டும் முழுமையாக அவர் கையில் உள்ளது. துலாக்கோல் என்னும் உவமை இங்கே பொருந்துகிறது. துலாக்கோல் சுமையைக் குறைப்பதில்லை. சுமை எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மெய்யாகக் காட்டுகிறது.

எஞ்சிய இரு காற்கூறு

ஆசிரியராக விழைவோர் பணியேற்கும் முன்னரே எழுதும் கொள்கையின் தகுதி என்ன என்பது இறுதியாக ஆராயத்தக்கது. கல்வி நிறைவுறும் வகைக்கு நன்னூல் ஒரு கணக்குத் தருகிறது. ஆசிரியரிடம் செவ்வனே கேட்டும் மாணாக்கர் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்புகிறது.

இக்கணக்கு ஆசிரியப் பயிற்சிக்கும் பொருந்தும். கல்லூரியில் கேட்டதும் தோழரோடு விவாதித்ததும் சேர்ந்து அரைப்பங்கு. எனவே வகுப்பறைக்குள் புகுமுன் எழுதப்படும் கொள்கை எவ்வளவு நேர்மையானதாயினும் பாதியே ஆகும். ஜான் டூயி தம் கல்வி நம்பிக்கைகளை ‘நான் நம்புகிறேன்’ எனத் தொடங்கும் பத்திகளாக 1897இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 37. அதற்கு முந்தைய ஆண்டிலேயே சிகாகோவில் ஒரு பரிசோதனைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். குழந்தைகள் நடமாடும் கூடத்தின் அருகிலிருந்து எழுதப்பட்ட நம்பிக்கைகள் அவை.

இதனால் பயிற்சிக்காலக் கொள்கை பயனற்றது என முடிவு செய்யவேண்டியதில்லை. அதனை உறுதிமொழியாக அன்றி வினாவாக எழுதுவதே தக்கது. ‘அனைவரையும் சமமாக நடத்துவேன்’ என்பதற்கு மாறாக, ‘என் வகுப்பில் நான் பெயர் சொல்லி அழைக்காத குழந்தை யார்?’ என எழுதலாம். ‘தாய்மொழியை மதிப்பேன்’ என்பதற்கு மாறாக, ‘இக்குழந்தையின் வீட்டுச்சொல் எந்தப் பாடத்துக்குத் திறவுகோல்?’ என எழுதலாம். முன்னவை எழுதியவுடன் முடிந்துவிடுகின்றன. பின்னவை ஒவ்வொரு நாளும் விடை வேண்டி நிற்கின்றன. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறந்த சில நாள்களில், 2009 ஆகஸ்டு 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு சிலைகளையும் ஒரு பாடமாக்கும் ஆசிரியர், மர்பி டவுன் குழந்தைக்கு அதன் இரு மொழிகளும் பகையல்ல என்பதைச் சொல்லாமலே உணர்த்திவிடுவார்.

முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன வருமாறு. ஆசிரியரின் தனிக்கொள்கை என்பது கல்வியைப் பற்றிய நல்ல சொற்களின் தொகுப்பு அன்று. யாரைத் தம் மாணவராக ஏற்கிறோம் என்னும் வினாவுக்கான விடை. நன்னூல் பொதுப்பாயிரம் ஆசிரியரை முதலில் அளந்து, நிலம், மண் என்னும் உவமைகளால் ஆசிரியர் மாணவர் உறவை இருவழிப்பட்டதாகக் காட்டுகிறது. அதே பாயிரம் சிலரைக் கல்விக்கு வெளியே நிறுத்தவும் செய்தது. முன்னதைக் கொண்டு பின்னதைத் திருத்துவது மரபை மறுத்தல் ஆகாது. மரபு தனக்குள் வைத்துள்ள விதையை விளைவித்தலே ஆகும்.

மர்பி டவுன் வகுப்பறையில் ‘பாலு’ என்று சொல்லிவிட்டு ஆசிரியரின் முகத்தை நோக்கும் குழந்தை, அவர் கல்லூரியில் எழுதிக்கொடுத்த கொள்கையைப் படித்ததில்லை. அடுத்த நொடியில் அவர் முகத்தில் தோன்றுவதையே அக்குழந்தை அவருடைய கொள்கையாகப் படித்துக்கொள்ளும்.